கொசுறுக்குக் காசு யார் கொடுப்பது?

2023 ஏப்ரலில் என் அப்பாவும் அம்மாவும் சென்னையில் ஏறி, பிராங்க்பர்ட்டில் மாறி, அமெரிக்காவின் நியூவார்க்கில் வந்து இறங்கினார்கள். இரண்டு விமானத்திலும் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டே வந்தார்கள். அம்மாவின் முழங்கால் மடக்கினால் நீட்ட வராது, நீட்டினால் மடக்க வராது. அதற்காகத்தான் பிசினஸ் கிளாஸ். பார்க்கிங்கில் பெட்டியை டிக்கியில் ஏற்றும்போதே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"தாயி, அந்தச் சீட்டு ஒண்ணு எவ்வளவு?"

"வரி மட்டும்தான்ப்பா கையில இருந்து கட்டுனேன். மத்ததெல்லாம் கார்டு பாயிண்ட்ஸ். ஓசி மாதிரிதான்."

"ஓசியா? ராத்திரி பூரா அந்தப் பிள்ளை வந்து வந்து என்ன வேணும் என்ன வேணும்னு கேட்டுச்சு. அதுக்குச் சம்பளம் யாரு குடுக்கா?"

அப்பா கோவில்பட்டியில் நாற்பது வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கிறார். வாசலில் கொஞ்சம் காய்கறியும் உண்டு. காய் வாங்கினால் கருவேப்பிலை கொசுறு. அந்தக் கருவேப்பிலைக்கான காசைக் கத்திரிக்காய் விலையில் எப்படிச் சேர்ப்பது என்று தெரிந்த மனுசனிடம் போய் ஓசி என்று சொல்லியிருக்கக் கூடாது.

ஓசி என்ற சொல்லுக்கே ஒரு கதை சொல்வார்கள். கம்பெனி ஆட்சிக் காலத்தில் அலுவலகக் கடிதங்கள் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்ற முத்திரையோடு தபால் கட்டணம் இல்லாமல் போகுமாம். அதன் சுருக்கம்தான் ஓசியாம். கதை எந்த அளவுக்கு நிஜமோ, எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் அந்தக் கதையிலும் தபால்காரன் சும்மா நடக்கவில்லை. கம்பெனி கொடுத்தது, கம்பெனிக்கு ஊர் கொடுத்தது.

நான் அமெரிக்கா வந்தபோது எனக்குக் கிரெடிட் கார்டே கிடைக்கவில்லை. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறை நாணயம். அப்பா பெயரைச் சொன்னால் கடலை எண்ணெய் டின் கடனுக்கு வரும். இங்கே நான் வெறும் பூஜ்யம். 500 டாலரை டெபாசிட்டாகக் கட்டி, அதே 500 டாலரை எல்லையாக வைத்து ஒரு கார்டு வாங்கினேன். என் காசை எனக்கே கடனாகக் கொடுத்தார்கள் என்று சொன்னபோது அப்பா போனில் ரொம்ப நேரம் சிரித்தார். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டக் கட்ட, கடன் நாணயத்துக்கு இங்கே போடும் மதிப்பெண், 300-ல் தொடங்கி 850-ல் முடியும் அந்தக் கிரெடிட் ஸ்கோர், 700-ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு வீட்டுத் தபால்பெட்டியில் கல்யாணப் பத்திரிகை மாதிரி உறைகள் வர ஆரம்பித்தன. எங்கள் கார்டை வாங்குங்கள், முதல் மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்யுங்கள், இத்தனை ஆயிரம் பாயிண்ட் போடுகிறோம். அந்தப் பாயிண்டை விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றினால் அதுதான் மைல், அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம்.

2016 ஆகஸ்டில் சேஸ் வங்கி சஃபையர் ரிசர்வ் என்று ஒரு கார்டை இறக்கியது. வருடக் கட்டணம் 450 டாலர். மூன்று மாதத்தில் 4,000 டாலர் செலவழித்தால் 1,00,000 பாயிண்ட். உலோகக் கார்டு, மேஜையில் போட்டால் 'டங்' என்று கேட்கும். வாங்க வந்த கூட்டத்தைப் பார்த்து வங்கியிடம் உலோகத் தகடே தீர்ந்துபோய், கொஞ்ச நாளைக்குப் பிளாஸ்டிக்கில் அச்சடித்து அனுப்பினார்கள். அந்த வருடக் கடைசியில் வங்கியின் தலைவர் ஜேமி டைமன், இந்தக் கார்டால் காலாண்டு லாபம் 20 முதல் 30 கோடி டாலர் வரை குறையும் என்று முதலீட்டாளர்களிடம் சொன்னார். வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர் வைப்பது போலத்தான் இந்தப் போனஸ். பிறகு வருடக்கணக்கில் குடும்பம் நடக்கும் என்று கணக்கு. 2017 ஜனவரியில் போனஸைப் பாதியாக்கினார்கள். வருடக் கட்டணம் 2020-ல் 550 ஆனது, 2025-ல் 795. சீர் ஒரு தடவை, செலவு வருடாவருடம்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. மூன்று மாதத்தில் 4,000 டாலர் என்பது எங்களுக்கு அப்போது எளிதில்லை. வாடகைக்குக் கார்டு செல்லாது. ஆறு மாதக் கார் இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்டினேன். அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து சாப்பிடப் போனால் பில்லை நான் பாய்ந்து பிடித்துக் கார்டைக் கொடுப்பேன். ஆளாளுக்குப் பங்கை என் கணக்குக்கு அனுப்புவார்கள். தாராள மனசுக்காரி என்று பெயர் எடுத்தேன். கடைசி வாரத்தில் இன்னும் 140 டாலர் குறைந்தது. ஏற்கெனவே குக்கர் இருக்கும் வீட்டுக்கு மின்சார குக்கர் ஒன்று வந்தது. இன்றுவரை அது அட்டைப் பெட்டியோடு பரணில் இருக்கிறது. பாயிண்ட் கணக்கு எழுதும்போது அந்தக் குக்கரை யாரும் எழுத மாட்டார்கள், நானும்தான்.

இந்த ஆட்டத்துக்கு விதிகள் உண்டு. கடந்த 24 மாதத்தில் எந்த வங்கியிலாவது ஐந்து கார்டு வாங்கியிருந்தால் சேஸ் ஆறாவதைத் தராது. இதை 5/24 என்பார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் ஒரு கார்டுக்கு ஆயுளில் ஒரு முறைதான் போனஸ் என்று நிபந்தனையிலேயே எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் அறிக்கையில் இரண்டு வருடம் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேல், மாதக் கடைசியில் பில்லை முழுசாகக் கட்டிவிட வேண்டும். பாக்கி வைத்தால் வட்டி 20 சதவீதத்துக்கு மேல். மைல் கணக்கில் ஒன்றிரண்டு சதவீதம் சம்பாதித்துவிட்டு வட்டியில் இருபது விடுகிறவர்களை எனக்குத் தெரியும். ஊரில் மீட்டர் வட்டி என்றால் பயப்படுகிற நம் ஆட்கள், இங்கே அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்ததும் பயத்தை விட்டுவிடுகிறார்கள்.

எனக்கும் சூடு பட்டிருக்கிறது. ஒரு தடவை சீட் தெரிகிறதே என்று 60,000 பாயிண்டை வங்கியில் இருந்து ஒரு விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றினேன். சில நிறுவனங்களுக்கு நிமிடத்தில் போய்ச் சேரும், சிலவற்றுக்கு இரண்டு நாள். இது இரண்டாவது வகை. போய்ச் சேர்வதற்குள் சீட் போய்விட்டது. ஒரு முறை மாற்றினால் திரும்ப வராது. அடுத்த மாதம் அந்த நிறுவனம் தன் கட்டணப் பட்டியலை ஏற்றியது. அறுபது இருந்த இடம் எண்பது ஆனது. என் அறுபதாயிரம், செல்லாத நோட்டு மாதிரி அங்கேயே கிடந்தது. பேங்க் பாஸ்புக்கில் இருக்கும் காசை இப்படி ஒரு ராத்திரியில் குறைத்தால் ஊர் கூடிவிடும். மைலுக்குக் கேட்க நாதி கிடையாது, ஏனென்றால் நிபந்தனைப்படி அது நம் சொத்தே இல்லை.

அதனால்தான் அப்பா அம்மா டிக்கெட்டுக்கு ரொம்ப நிதானமாகப் போனேன். எனக்கு ஒரு கார்டு, வீட்டுக்காரருக்கு ஒரு கார்டு, ஆளுக்கு 80,000 போனஸ். மீதி அன்றாடச் செலவில் சேர்ந்தது. ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளான் கணக்கில், அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் மொத்தத் தூரம் 8,000 மைலைத் தாண்டினால், கூட்டாளி விமானங்களில் பிசினஸ் கிளாஸ் ஒரு வழிக்கு அப்போது 1,00,000 பாயிண்ட். ஏர் கனடா விமானத்தில்தான் ஏற வேண்டும் என்றில்லை. ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கும் லுஃப்தான்சாவில் ஏறலாம். வேறு சில நிறுவனங்களின் மைலில் இதே மாதிரி டிக்கெட்டை எடுத்தால் சர்சார்ஜ் என்று நூற்றுக்கணக்கில் டாலர் தீட்டுவார்கள். ஏரோபிளானில் அந்தத் தொல்லை 2020-லேயே ஒழிந்தது. ஒரே நாளில் இரண்டு சீட், சென்னை முதல் நியூவார்க் வரை, சேர்ந்தாற்போல் கிடைக்க வேண்டும். ஏழு வாரம், தினமும் ராத்திரி பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு லேப்டாப்பைத் திறந்து தேடினேன். ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முதலில் வீட்டுக்காரரை எழுப்பினேன், அப்புறம்தான் பாயிண்டை மாற்றினேன். இந்தத் தடவை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவையும் அப்பாவுக்கு ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேஜையில் தவணை முறையில் சொன்னேன். அவருக்குப் பிடித்தது பழைய கதைகள்தான்.

1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்களின் மேலிருந்த கட்டுப்பாட்டை எடுத்தது. போட்டி வந்தது. வந்த பயணியைத் தக்கவைக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று, பறந்த தூரத்துக்கு மைல் எழுதி வைக்கும் ஏஅட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. யுனைடெட் ஏர்லைன்ஸ் சில நாட்களிலேயே பின்னால் வந்தது. "வாடிக்கைக்காரனுக்கு நோட்டுப் போடுறது. அதுதான் விசயம்" என்றார் அப்பா. 1987-ல் சிட்டிபேங்க் அதற்கு ஒரு கடன் அட்டை போட்டதும் விமானத்தில் ஏறாமலே மைல் சேர்க்கலாம் என்றானது.

1999-ல் கலிபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியாளர், ஒரு உணவு நிறுவனம் தன் பொருளின் பார்கோடுகளை அனுப்பினால் மைல் தருவதாக அறிவித்ததைப் படித்தார். நிறுவனத்தின் பொருட்களிலேயே மலிவானது கால் டாலர் புட்டிங் கிண்ணம். சுற்றுவட்டாரக் கடைகளை எல்லாம் காலி செய்து 12,150 கிண்ணம் வாங்கினார், 3,140 டாலருக்கு. பார்கோடு உரிக்க ஆள் வேண்டுமே? புட்டிங்கைச் சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு நிறுவனத்துக்குத் தானமாகக் கொடுத்து, அவர்களையே உரித்துத் தரச் சொன்னார். பன்னிரண்டரை லட்சம் மைல். தானத்துக்கு வருமான வரிக் கழிவு வேறு. அப்பா பிசைந்துகொண்டிருந்த சோற்றை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

அதைவிட வேடிக்கை டாலர் நாணயக் கதை. அமெரிக்க அரசின் நாணயச்சாலை, ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்தில் விடுவதற்காக முகமதிப்புக்கே விற்றது. தபால் செலவும் அரசே ஏற்றது. கடன் அட்டை செல்லும். ஆயிரக்கணக்கில் நாணயத்தை அட்டையில் வாங்கி, வந்த பெட்டியை அப்படியே வங்கிக்குத் தூக்கிப்போய்க் கட்டி, அந்தப் பணத்தில் அட்டை பில்லை அடைத்தார்கள். செலவு பூஜ்யம், மைல் மட்டும் மிச்சம். 2011 ஜூலையில் நாணயச்சாலை விழித்துக்கொண்டு அட்டையை நிறுத்தியது.

"புட்டிங்காரன் கெட்டிக்காரன்," என்றார் அப்பா. "அவென் கம்பெனிகிட்ட வாங்குனான். கம்பெனி தெரிஞ்சு குடுத்துச்சு. இந்த நாணயக்காரனுக்குத் தபால் செலவு யாரு குடுத்தா? கெவர்மெண்டு. நீ யார்கிட்ட வாங்குன, அதைச் சொல்லு."

சொன்னேன். கடையில் நூறு டாலருக்கு அட்டையைத் தேய்த்தால் கடைக்காரர் கையில் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டுதான் நிற்கும். மீதியில் பெரும்பங்கு அட்டை கொடுத்த வங்கிக்கு. உயர்ரக அட்டை என்றால் பிடித்தமும் உயரம். அந்தக் காசில் ஒரு பகுதியைக் கொண்டு வங்கி விமான நிறுவனத்திடம் மைலை மொத்த விலைக்கு வாங்குகிறது, நமக்குச் சில்லறையாகக் கொடுக்கிறது. விமான நிறுவனத்துக்கு இது டிக்கெட் விற்பதைவிட நிம்மதியான வியாபாரம். 2020-ல் விமானமெல்லாம் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைல் திட்டத்தை ஈடாகக் காட்டி 680 கோடி டாலர் கடன் வாங்கியது. டெல்டா தன்னுடையதைக் காட்டி 900 கோடி. யுனைடெட் தன் மைல் திட்டத்துக்குத் தானே போட்ட மதிப்பு கிட்டத்தட்ட 2,200 கோடி. அப்போது பங்குச்சந்தையில் விமானம், ஊழியர் எல்லாம் சேர்ந்த முழுக் கம்பெனிக்குமே அதில் ஏறக்குறைய பாதி மதிப்புதான்.

"அப்போ கடைக்காரன்தான் குடுக்கான்."

"கடைக்காரர் விலையில ஏத்திருவாரேப்பா."

"அப்போ ரொக்கம் குடுத்து வாங்குறவனும் சேர்த்துக் குடுக்கான்."

அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார வல்லுநர்கள் 2010-ல் ஓர் ஆய்வில் இதைத்தான் எண்ணில் போட்டார்கள். ரொக்கத்தில் வாங்கும் ஒரு குடும்பம் வருடத்துக்குச் சராசரியாக 149 டாலரை அட்டைக்காரக் குடும்பங்களுக்குத் தள்ளிவிடுகிறது. அட்டைக் குடும்பம் ஒவ்வொன்றும் ரொக்கக்காரர்களிடம் இருந்து 1,133 டாலர் பெறுகிறது. அவர்கள் பல பக்கத்தில் சொன்னதை அப்பா ரசம் ஊற்றிக்கொள்ளும் நேரத்தில் சொல்லிவிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 டிசம்பரில் இருந்து, கிரெடிட் கார்டுப் பிடித்தத்தில் அட்டை கொடுத்த வங்கிக்குப் போகும் பங்குக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். கொடுக்க வங்கியிடம் சரக்கு இல்லை, அதனால் அங்கே லட்சக்கணக்கில் பாயிண்ட் கிடைப்பது அபூர்வம்.

அப்பாவுக்கு இது புதிது இல்லை என்பதை நான்தான் மறந்துபோயிருந்தேன். 2016 நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போன பிறகு, டை கட்டிய பையன் ஒருவன் கார்டு தேய்க்கும் மெசினோடு கடைக்கு வந்தான். கிரெடிட் கார்டு என்றால் நூற்றுக்கு ரெண்டு ரூபாய் பிடித்தம் என்றான். "சீனில எனக்கு நிக்கிறதே ரெண்டு ரூபா. அதை உனக்குக் குடுத்துட்டு நான் சாக்கை உதறி நக்கவா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். நான் அங்கே 'டங்' கார்டில் கடைசி நூறு டாலரைத் தேய்த்துக்கொண்டிருந்த அதே மாதம் அது. இப்போது கடையில் கியூஆர் அட்டை தொங்குகிறது. 2020 ஜனவரியில் இருந்து யுபிஐக்குக் கடைக்காரரிடம் பிடித்தம் கிடையாது என்றானதும் அவரே கேட்டு வாங்கி ஒட்டியது. அதில் எனக்கு மைல் வராது. அதனால்தான் அவருக்குப் பிடித்தம் இல்லை.

நான் இந்த ஆட்டத்தை விடவில்லை. நான் ஒருத்தி ரொக்கத்துக்கு மாறினால் கடையில் விலை குறையப் போவதில்லை, பாயிண்ட் மட்டும் போகும். இப்படிச் சொல்லித்தான் எல்லோரும் ஆடுகிறோம். சரியான வாதம்தான். சொல்லும்போது ஏனோ குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, அப்பாவை ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு குஜராத்திக் கடைக்குக் கூட்டிப்போனேன். புழுங்கலரிசி, உளுந்து, நல்லெண்ணெய், அம்மா கேட்ட கெட்டிப் பெருங்காயம். கல்லாப் பக்கத்தில் கையால் எழுதி ஒட்டியிருந்தது: கார்டு என்றால் 3 சதவீதம் கூடுதல். பில் 164 டாலர். ஐந்து டாலர் போனால் போகிறது, புதிதாக வாங்கிய கார்டுக்கு இன்னும் 900 டாலர் செலவு காட்ட வேண்டியிருக்கிறதே என்று பர்ஸைத் திறந்தேன். அப்பா ஒட்டியிருந்த அந்த அறிவிப்பை ஒரு தடவை பார்த்தார், கல்லாவில் இருந்தவரைப் பார்த்தார். அவருக்கும் அப்பா வயதுதான் இருக்கும், காதில் பேனா. அப்பா சட்டைப் பைக்குள் கைவிட்டு, கோவில்பட்டியில் இருந்து மாற்றிக்கொண்டு வந்த டாலர் நோட்டுகளை எடுத்து, எச்சில் தொட்டு எண்ணி, கல்லாவில் வைத்தார். அந்தப் பெரியவர் ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து எங்கள் பையில் போட்டார்.

காரில் வெகுநேரம் பேசவில்லை. அப்பா கொத்தமல்லியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கார்டை இனி எதில் தேய்த்து 900 டாலரை முடிப்பது என்று எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது அவரே கேட்டார்.

"தாயி, திரும்பிப் போறப்பவும் அந்தப் படுக்குற சீட்டுதானே? உங்கம்மா முழங்காலுக்குச் சொல்லுதேன்."